அருளப்பு அண்ணைக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

செய்தி வந்த நேரம் என் தலை ஒரு ஜேர்சிக்குள் சிக்கியிருந்தது. எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் அணிக்குப் புதுச் சட்டை வந்திருந்தது. அளவு கேட்டபோது நான் வயிற்றிடம் கேட்காமல் மனதிடம் கேட்டுச் சொல்லியிருந்தேன். மெல்பேர்ண், கிரான்பர்ன் வீட்டுக் கராஜில், இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி, சரணடைந்தவன் மாதிரி நின்றேன். சட்டை மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. மகள் மயூரி அதன் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஸ்டொப் மூவிங். கிழியப் போகுது."

என் தொலைபேசி அடித்தது. அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். வெரிபீயிலிருந்து குமார். அருளப்பு அண்ணையோடு ஒரே வீட்டில் இருந்த பெடியன்.

"அண்ணை, அருளப்பு அண்ணை மோசம் போட்டார்."

"ஆர்?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டேன்.

"அருளப்பு அண்ணை. காலமை வேலைக்கு வெளிக்கிடேக்க கதிரையில இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு சப்பாத்துத்தான் போட்டவர், அண்ணை."

கையை இறக்க முடியவில்லை. கண்ணைத் துடைக்க முடியவில்லை. அப்படி ஒரு கோலத்தில் ஒரு சாவுச் செய்தியைக் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மயூரி கத்தரிக்கோலை எடுத்து வந்து, சட்டையைக் கழுத்திலிருந்து அடிவரைக்கும் வெட்டி என்னை வெளியே எடுத்தாள்.

அந்தச் சட்டையை நான் தைக்கப் போவதில்லை. ஏன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

இந்த இதழின் ஆசிரியர் நல்ல மனிதர். "அஞ்சலி எண்டா கொஞ்சம் மென்மையா எழுதுங்கோ" என்றார். முயன்று பார்த்தேன். 'அன்னாரின் பிரிவால் துயருறும்' என்று தொடங்கி அடுத்த சொல் வராமல், தேத்தண்ணீர் குடித்து, மனைவியிடம் பேச்சு வாங்கி, கடைசியில் இப்படித்தான் வருகிறது. எனக்குக் கோபம். ஓ.எல். பரீட்சையில் தமிழிலேயே சாதாரண சித்தி எடுத்தவனின் கோபம் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெரிபீயில் பூக்கோவாத் தோட்டத்தில் வேலை செய்த, முழங்காலில் எப்போதும் ஒரு பட்டி சுற்றியிருந்த, ஐம்பதைத் தாண்டிய அந்த மெலிந்த மனிதர், யாழ்ப்பாணக் கரையோரக் கழகம் ஒன்றின் முன்கள வீரர். அவரைப் போலக் கோல் அடித்தவரை நான் காணவில்லை. எத்தனை கோல் என்று கேட்காதீர்கள். எழுதி வைக்க ஆள் இருக்கவில்லை. எழுதி வைத்திருந்தாலும், வைத்த கழகக் கட்டடம் பிறகு இருக்கவில்லை.

எங்கள் ஊர்களில் உதைபந்தாட்டம் ஒரு சண்டை முடிந்து மற்றச் சண்டை தொடங்குவதற்கு இடையில் விளையாடுவது. பேச்சுவார்த்தை என்று வானொலி சொன்னதும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு விழும். பேச்சுவார்த்தை முறிந்ததும் கோல் கம்பத்தைக் கழற்றிப் பதுங்கு குழிக்கு மேல் போடுவார்கள். அருளப்பு அண்ணையின் நல்ல வயது முழுவதும் அந்த இடைவெளிகளுக்குள் அடங்கிப் போனது. வேறு நாட்டில் பிறந்திருந்தால் சிலை வைத்திருப்பார்கள் என்று சொல்லப் போவதில்லை. சிலையை விடுங்கள். விளையாட விட்டிருப்பார்கள்.

நான் அவரை முதலில் கண்டது அப்படி ஒரு இடைவெளியில் நடந்த இறுதிப் போட்டியில். நான் எதிரணிக் கோல்காப்பாளர். ஓட வராதவனைக் கோலுக்குள் விடுவது எங்கள் கழகத்து வழக்கம். அந்தத் தகுதியில் கிடைத்த பதவி. மூலையிலிருந்து பந்து உயர்ந்து வந்தது. நாங்கள் எல்லோரும் பந்தைப் பார்த்தோம். அவர் பார்க்கவில்லை. தூரக் கம்பத்தடியில், பஸ்ஸுக்கு வந்து நிற்பவர் மாதிரி வந்து நின்றார். பந்து அவருடைய நெற்றியைத் தேடி வந்தது. நான் கையை நீட்டினேன். இடது கைச் சின்ன விரல் பந்தைத் தொட்டது. பந்து அந்த விரலைக் கம்பத்தோடு வைத்து நசுக்கிவிட்டு உள்ளே போனது.

கிண்ணம் கொடுக்கும் நேரம் அவரைத் தேடினார்களாம். அவர் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி அதுக்குக் கை போட்டனி? போற பந்தைப் போக விட வேண்டியதுதானே?"

"நான் கீப்பர் அண்ணை."

"அதுவும் சரிதான்" என்று மிதித்தார். அன்றிலிருந்து அவருக்கு நான் 'கீப்பர்'. என் சொந்தப் பெயர் அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

பிறகு எத்தனையோ நடந்தது. நான் கலியாணம் முடித்து, மனைவி கூப்பிட்டு, விமானத்தில் சாப்பாட்டுத் தட்டைப் பிரிக்கத் தெரியாமல் முழித்தபடி மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்தேன். அவர் படகில் வந்தார். வீட்டில் மனைவி மேரி அக்காவையும், அப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்த மகள் ஜெனியையும் விட்டுவிட்டு வந்தார். எனக்குக் குடியுரிமை கிடைத்து, வாக்குப் போடாமல் தண்டப் பணம் கட்டும் அளவுக்கு நான் அவுஸ்திரேலியன் ஆகிவிட்டேன். அவருக்கு ஒரு தற்காலிக விசா, அது முடிய இன்னொன்று, அது முடிய ஒரு கடிதம், பிறகு இன்னுமொன்று. இந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. கோயிலில் ஜெனி முதல் நன்மை வாங்கியதைத் தொலைபேசியில் பார்த்தார். அவளுடைய கலியாணத்தையும் தொலைபேசியில்தான் பார்த்தார்.

"என்னை ஓஃப்சைட் எண்டு நிப்பாட்டி வச்சிருக்கிறாங்கள், கீப்பர்" என்பார். "கொடியைத் தூக்கினவன் இறக்கிறானில்லை. விசிலும் ஊதுறானில்லை. நான் காலைத் தூக்கினபடி நிக்கிறன்."

இங்கே அவரை நான் மறுபடி கண்டது ஒரு பிறந்தநாள் விழாவில். பலூன் ஊதும் பொறுப்பு எனக்கு. சமையல்காரரோடு சாப்பாட்டுத் தட்டங்களைச் சுமந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். முகம் மாறியிருந்தது, தலைமயிர் போயிருந்தது, கழுத்து மட்டும் அதே கழுத்து. நான் வாயில் பலூனோடு நின்றேன். அவர் கறிச் சட்டியை மேசையில் வைத்துவிட்டு என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"விரல் நேரா வரேல்லைப் போல?"

பலூன் கையிலிருந்து நழுவி, மரியாதையில்லாத சத்தம் ஒன்றை எழுப்பியபடி மண்டபம் முழுவதும் சுற்றியது. எனக்கு அழுகை வந்ததை ஒருவரும் கவனிக்காமல் இருந்ததற்கு அந்தப் பலூனுக்கு நன்றி.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

இங்கே நம்மவர்களின் உதைபந்தாட்டம் பள்ளிக்கூடங்களால் ஆனது. வெளியார் கேட்டால் சிரிப்பார்கள். கொலஸ்ட்ரோல் குளிசை போடுகிறவர்கள், முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறவர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள்கூட, சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடத்தின் நிறத்தைப் போட்டுக்கொண்டு வருடத்துக்கு ஒரு முறை ஓடுவோம். ஒரு வருடம் மெல்பேர்ண், ஒரு வருடம் சிட்னி. எனக்கும் அது பிடிக்கும். இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அதில் விளையாட உங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இங்கே ஒரு சங்கமும் வேண்டும். கரையோரத்தில் பதினான்கு வயதில் வள்ளத்தில் ஏறியவனுக்கு எந்தச் சங்கம் இருக்கிறது?

'எந்தப் பள்ளிக்கூடம்?' என்று நாம் கேட்கிற கேள்வி உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குள் எந்த ஊர், எந்தத் தெரு, ஆருடைய பிள்ளை எல்லாம் ஒளிந்திருக்கும். நேராகக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் பள்ளிக்கூடத்தைக் கேட்பார்கள்.

எங்கள் அணி அந்தக் காலத்தில் கோல் அடிக்காமலே ஒரு பெயர் எடுத்திருந்தது. நான் ஒரு ஆளைச் சேர்க்கச் சொல்லிச் சங்கச் செயலாளரிடம் போனேன். அருளப்பு அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன். அது முட்டாள்தனம்; தனியாகப் போயிருக்க வேண்டும்.

"அண்ணை எங்கட பள்ளிக்கூடத்தில எந்த வருசம்?" என்று செயலாளர் கேட்டார்.

"நான் அங்க படிக்கேல்லைத் தம்பி" என்றார் அருளப்பு அண்ணை. "அங்க இருந்தனான். எங்கட கரைக்கு ஷெல் அடிச்ச நேரம் அகதியா வந்து எட்டாம் வகுப்பு அறையில இருந்தனாங்கள். கரும்பலகைக்குக் கீழ அம்மா உலை வச்சவ."

நான் குறுக்கே விழுந்தேன். "எட்டாம் வகுப்பில நானே அவ்வளவு நேரம் இருக்கேல்லை. அண்ணை இரவு பகலா இருந்திருக்கிறார். இதைக் கணக்கில எடுக்கேலாதோ?"

செயலாளர் சிரித்தார். சிரித்துவிட்டு, "விதி எண்டு ஒண்டிருக்கு. ஓ.எல். வரைக்கும் எங்களிட்டப் படிச்சிருக்க வேணும்" என்றார்.

"நான் ஓ.எல். ஃபெயில். நான் விளையாடுறன்தானே?"

"நீர் ஃபெயில் எண்டாலும் எங்கட பள்ளிக்கூடத்தில ஃபெயில்."

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர், "உவர் ஊரில அடிச்ச கதையெல்லாம் ஆர் கண்டது? இஞ்ச வாற எல்லாரும் ஊரில பெரிய பிளேயர்தான்" என்றார். நல்ல மனிதர்கள்தான். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள். அருளப்பு அண்ணை என் தோளில் தட்டி, "விடு கீப்பர். லைன் போட ஆள் வேணுமெண்டால் நான் வாறன்" என்றார்.

வந்தார். ஒவ்வொரு வருடமும் வந்தார். தான் பந்தோடு கால் வைக்க முடியாத மைதானத்துக்கு அவர்தான் வெள்ளைக் கோடு போட்டார். ஐஸ் பெட்டி தூக்கினார். என் கையுறையைக் காயப் போட்டார். ஒரு வருடமாவது அவரை விளையாட விட வேண்டுமென்று பிறகும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் விதி அப்படியே இருந்தது. விதியைக் கடவுள் எழுதியது மாதிரிப் பேசினார்கள். அதை எழுதியவர்கள் எனக்கு எதிரே இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

போட்டி சிட்னியில் நடந்த ஒரு வருடம் என் காரில்தான் வந்தார். நெடுஞ்சாலையில் மயூரி பின்னுக்கு இருந்தாள். அருளப்பு அண்ணை தன் தொலைபேசியை அவளிடம் நீட்டினார். அதில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துண்டு. அவருடைய கோயிலடியில் இருந்த வயதான பாதிரிச் சுவாமியார் ஒருவர், இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் இங்கிலாந்தில் விளையாடிய ஒரு முன்கள வீரனைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லுவாராம். தலையால் கோல் அடிப்பவன். அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் நனைந்தால் கல்லு. அவன் அதையும் தலையால் அடிப்பானாம். அருளப்பு அண்ணைக்குத் தெரிந்த ஒரே இங்கிலாந்துக்காரன் அவன்தான். இங்கே வந்த பிறகு குமார் அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தான்.

"பார் பிள்ளை, எவ்வளவு உயரம் எழும்புறான். இறங்கேக்கையும் தலைமயிர் கலையேல்லை. கீழ என்ன எழுதிக் கிடக்குது, வாசி."

மயூரி வாசித்து, தன் அரைத் தமிழில் சொன்னாள். ஏழை வீடு. சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனவன். நிறைய கோல்.

அருளப்பு அண்ணை யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அவனை ஆரும் எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேட்டவையோ?"

"நோ அங்கிள்" என்றாள் மயூரி. "தே ஜஸ்ட் கேவ் ஹிம் த போல்."

நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். என் பிள்ளைக்குத் தெரிந்தது என் சங்கத்துக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் செவன் ஹில்ஸ் பக்கத்து மைதானத்தில் எங்கள் அணி காலையிலேயே வெளியேறியது. நான் விட்ட கோல்களைப் பற்றி இங்கே எழுத இடமில்லை. மத்தியான இடைவேளையில் எல்லோரும் புரியாணிப் பொதியோடு வேலி ஓரம் இருந்தார்கள். பக்கத்து வெற்று நிலத்தில், சாமான் ஏற்றி இறக்க வந்த குமாரும் மற்றப் பெடியளும் சப்பாத்துகளைக் குவித்துக் கோல் கம்பமாக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் படகில் வந்தவர்கள். ஒருவருக்கும் சங்கம் இல்லை. அருளப்பு அண்ணை முழங்கால் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

"கீப்பர், சும்மா நிக்கிறாய். வா, வந்து நில்லு."

போய் நின்றேன். குமார் ஓரத்தால் ஓடிப் பந்தைத் தூக்கிப் போட்டான். எனக்கு எல்லாம் தெரிந்தது. அவர் பந்தைப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரித் தூரச் சப்பாத்தடிக்கு வருகிறார் என்பது தெரிந்தது. அந்த முழங்காலோடு எப்படி எழும்பினார் என்பது மட்டும் எனக்கு இன்றைக்கும் தெரியாது. கழுத்து ஒரு முறை திரும்பியது. பந்து உள்ளே போனது. நான் நிலத்தில் முகம் குப்புறக் கிடந்தேன், வாய் நிறையப் புல்லு.

வேலி ஓரத்தில் கை தட்டினார்கள். செயலாளரின் குரல் பலமாகக் கேட்டது: "கீப்பர் விட்டுக் குடுத்திட்டார்! பாவம் எண்டு விட்டிட்டார்!" எல்லோரும் சிரித்தார்கள்.

அருளப்பு அண்ணை சிரிக்கவில்லை. கையைக் கொடுத்து என்னை எழுப்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பரீட்சை முடிவைப் பார்க்க நிற்கும் பிள்ளையின் முகம்.

"உண்மையைச் சொல்லு. விட்டனியோ?"

புல்லைத் துப்பிவிட்டு, "அது ரகசியம் அண்ணை" என்றேன். ஒரு பகிடிக்குச் சொன்னது. அதற்குப் பிறகு எப்போது கதைத்தாலும் கடைசியில் அதைக் கேட்பார். "விட்டனியோ?" "ரகசியம் அண்ணை." சிரித்துக்கொண்டு தொலைபேசியை வைப்பார். எங்கள் இருவருக்கும் அது 'போட்டு வாறன்' சொல்வது மாதிரி ஆகிவிட்டது.

கடைசி மாதங்களில் நெஞ்சு அடைக்கிறது என்று குமாரிடம் சொல்லியிருக்கிறார். விசா மாறும் இடைவெளியில் மருத்துவ அட்டை காலாவதியாகிக் கிடந்தது. புதுசு வந்ததும் டொக்டரிடம் போகலாம் என்று வைத்திருந்தார். எனக்குச் சொல்லவில்லை. மெல்பேர்ணின் ஒரு முனையில் அவர், மறு முனையில் நான். நடுவில் பாலமும் நெரிசலும் வேலை நேரமும். என்னிடம் அவர் கேட்டதெல்லாம் அந்த ஒரு கேள்விதான்.

அவர் இறந்து இரண்டாம் நாள் தொலைபேசியில் ஒரு படம் வந்தது. எங்கள் சங்கத்தின் கண்ணீர் அஞ்சலி. மேலே பள்ளிக்கூடச் சின்னம். கீழே 'எமது கல்லூரியின் மைந்தன், கோல் மன்னன் அருளப்பு.' நடுவில் அவருடைய படம். செவன் ஹில்ஸில் மயூரி எடுத்தது. அந்தப் படத்தில் அவர் போட்டிருந்தது கழுத்து நைந்துபோன ஒரு சாம்பல் நிறச் சட்டை. எனக்கு நன்றாகத் தெரியும், அது நான் கொடுத்த சட்டை. இதில் எங்கள் பள்ளிக்கூட நிறத்தில் இருந்தது. கணினியில் நிறம் மாற்றியிருந்தார்கள்.

உயிரோடு வந்து கேட்டபோது கொடுக்காத சட்டையைச் செத்த பிறகு போட்டுவிட்டிருந்தார்கள்.

செயலாளரைக் கூப்பிட்டேன். "அவர் எங்கட பள்ளிக்கூடம் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"நீர்தானே அண்டைக்குச் சொன்னனீர், எட்டாம் வகுப்பில இருந்தவர் எண்டு" என்றார். அமைதியாகச் சொன்னார். "கொமிற்றியில எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. இனி வருசா வருசம் அருளப்பு ஞாபகார்த்தக் கிண்ணம். நல்ல விசயம்தானே?"

"அப்ப விதியை மாத்தியாச்சோ?"

"எந்த விதி?"

அருளப்பு அண்ணை நாளைக்கு எழும்பி வந்தாலும், அருளப்பு ஞாபகார்த்தக் கிண்ணத்தில் அவரைப் பதிவு செய்ய மாட்டார்கள். செயலாளர் இது தெரியாமல் 'எந்த விதி?' என்று கேட்கவில்லை. தெரிந்தும் அது அவருக்கு உறுத்தவில்லை. என்னால் தாங்க முடியாதது அதுதான்.

நியாயமாக எழுத வேண்டும். உடலை ஊருக்கு அனுப்பும் அலுவல் முழுவதையும் சங்கம்தான் எடுத்துச் செய்தது. ஓடினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், தூதரகத்தில் வரிசையில் நின்றார்கள். மேரி அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. உயிரோடு திரும்பி வராத மனிதர் பெட்டியிலாவது வீட்டு வாசலுக்கு வர வேண்டும். ஆகவே அஞ்சலிக் கூட்டத்து மண்டப வாசலில் செயலாளர் என்னை மறித்து, "உமக்கு மூண்டு நிமிசம். கண்டதையும் கதைச்சுக் குழப்பிப் போடாதேயும், இன்னும் கடுதாசி அலுவல் முடியேல்லை" என்றபோது, அவர் மிரட்டினாரா, கெஞ்சினாரா என்று நான் ஆராயவில்லை. தலையை ஆட்டினேன்.

உள்ளே பெட்டிக்கு மேல் எங்கள் பள்ளிக்கூடக் கொடி விரித்திருந்தது. திரையில், ஊரிலிருந்து பார்த்தபடி, மேரி அக்காவும் ஜெனியும். சங்கத் தலைவர் பேசினார். 'எமது மைந்தன்' என்ற சொல் வந்த ஒவ்வொரு முறையும் குமாரும் அவனுடைய கூட்டாளிகளும் நிலத்தைப் பார்த்தார்கள். பின்வரிசையில் நின்றார்கள், கதிரை போதவில்லை.

நான் மூன்று நிமிடம் பேசினேன். நல்ல மனிதர் என்றேன். நல்ல வீரர் என்றேன். விரலைக் காட்டினேன், கொஞ்சப் பேர் சிரித்தார்கள். பேசி முடித்து இறங்கியபோது செயலாளர் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் எரிகிறது.

இப்போது அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். மண்ணுக்குள் வைத்தாயிற்று. இனி ஒருவரும் ஒரு கடுதாசியையும் நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன். சங்க உறுப்பினர்களுக்கும் சேர்த்துத்தான். அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் எழும்பிக் கேட்பேன்: விதியை எடுங்கள், அல்லது அவர் பெயரை எடுங்கள். கூட்ட நடைமுறை எனக்குத் தெரியாது. எந்த இடத்தில் எழும்ப வேண்டும் என்பதும் தெரியாது. தொடக்கத்திலேயே எழும்பி நிற்கப் போகிறேன். வடை வரும்வரை இருக்க மாட்டேன். அஞ்சலியில் பின்வரிசையில் நின்ற குமாரையும் அவனுடைய கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வருவேன். உறுப்பினர் இல்லை என்று வாசலில் மறிப்பவர்கள், அவர்கள் எந்தப் பள்ளிக்கூடம் என்று என்னிடமே கேட்கட்டும்.

அடக்கம் முடிந்த கிழமை ஜெனி கூப்பிட்டாள். வேலையிடத்தில் பாரந்தூக்கி வண்டியை நிறுத்திவிட்டுக் கதைத்தேன். கொடியைப் பற்றித் தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும் அங்கிள்" என்றாள். "அந்தப் பள்ளிக்கூடத்தில இருந்த கதையை அப்பா சின்னனிலயே சொல்லியிருக்கிறார். பெட்டி வந்தவுடன அம்மா கொடியை எடுத்து மடிச்சுக் கதிரையில வச்சிட்டா. பெரிய சத்தம் ஒண்டும் போடேல்லை. கழகத்து அண்ணாமார் பழைய ஜேர்சி ஒண்டு கொண்டு வந்தவை, அதைத்தான் போட்டு மூடினது."

எனக்கு மூச்சு வந்தது. நான் மூன்று நிமிடத்தில் செய்யாததை மேரி அக்கா ஒரு மடிப்பில் செய்திருந்தார்.

"அங்கிள், அப்பா கடைசியா அடிச்ச கோல் உங்களுக்குத்தானே?"

"ஓம் பிள்ளை. சிட்னியில."

"சொன்னவர். 'ஒரு நல்ல பெடியன், என்னில இரக்கப்பட்டு விட்ட கோல்' எண்டு."

எனக்கு அந்த இடத்தில் எல்லாம் நின்றது. 'ரகசியம்' என்ற என் பகிடியை அவர் அப்படியா வீட்டுக்குக் கொண்டு போனார்? வேலி ஓரத்துச் சிரிப்பை அவரும் நம்பினாரா?

"இல்லைப் பிள்ளை" என்றேன். "அது நல்ல கோல்."

"நீங்கள் நல்ல மனசு அங்கிள்" என்றாள் ஜெனி. அவளும் நம்பவில்லை. மணி அடித்தது, வேலைக்குத் திரும்பினேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த விரல். கையுறை போடும்போது எப்போதும் கடைசியாக உள்ளே போவது அதுதான். டொக்டர் ஒருவர் அறுத்து நேராக்கலாம் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அருளப்பு எவ்வளவு பலமாக அடித்தார், அதை ஆர் கண்டது என்று இனி ஒருவரும் கேட்க முடியாதபடி அது கோணலாகவே இருக்கட்டும்.

அன்றைக்கு மண்டபத்தில், பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பக்கத்தில் போய் நின்றேன். செயலாளர் ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம். அவருடைய கேள்வி என் காதுக்குள் கேட்டது. பதிலும் வாய் வரைக்கும் வந்தது. அங்கேயும் நான் சொல்லவில்லை.

விடேல்லை அண்ணை. முழுப் பலத்தோட பாய்ஞ்சனான். எட்டேல்லை.